கூப்பிடுவது நான், பார்ப்பது வேறொருத்தி

என்னுடைய கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் சோதனையை நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் செய்துகொள்ளவில்லை. லீவு போட்டு, இரண்டு பஸ் மாறி, என் முகம் தெரியாத ஊருக்குப் போய்ச் செய்துகொண்டேன். அப்போது எனக்கு 37 வயது. அதற்கு முந்தைய ஐந்து வருஷமும் மற்ற பெண்களை அதே மாதிரி மேசையில் படுக்கவைத்துப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். தொற்றா நோய்ப் பிரிவில் ஸ்டாஃப் நர்ஸ் வேலை. 30 வயது தாண்டிய யார் வந்தாலும் பி.பி., சுகர் பார்க்கணும். பெண்கள் என்றால் மார்பகத்தையும் கர்ப்பப்பை வாயையும் சேர்த்துப் பார்க்கணும். பி.பி. பட்டைக்குக் கையை நீட்டாதவர் கிடையாது. சுகருக்கு விரலில் குத்தினால் சிரித்துக்கொண்டே பஞ்சை அழுத்திக்கொள்வார்கள். "அப்படியே உள்ள வாங்கம்மா, கர்ப்பப்பையையும் பாத்துடலாம்" என்றதும்தான் எல்லோருக்கும் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். மாட்டுக்குத் தண்ணி காட்டணும். "இன்னைக்கு வீட்டுக்குத் தூரம் சிஸ்டர்." "குளிக்காம வந்துட்டேன், இன்னொரு நாளைக்கு வாரேன்." இந்தக் கடைசி ஒன்றைத்தான் அதிகம் கேட்டிருப்பேன். ரெஜிஸ்டரில் இதற்கெல்லாம் சேர்த்து ஒரே வார்த்தைதான் எழுதுவேன்: "விருப்பமில்லை". ஐந்து வருஷம் கழித்துப் புரட்டிப் பார்த்தபோது, அந்த வார்த்தையை எழுதிய பக்கங்களில் உருப்படியாக ஒரு விவரமும் இல்லை என்று தெரிந்தது.

பஸ் மாறிப் போகவைத்தது ஒரு கிழவிதான். நூறு நாள் வேலை நடந்த கண்மாய்க் கரையில், புங்க மரத்தடியில் பெண்களைக் கூட்டிவைத்துப் பேசிக்கொண்டிருந்தேன். வெற்றிலையை மென்றபடி கேட்டுக்கொண்டிருந்தவர் கடைசியில், "நீ பாத்துக்கிட்டியா தாயி?" என்றார். "பாத்துட்டேன்த்தா" என்று பொய் சொன்னேன். வீட்டுக்கு வந்து யோசித்தால், நான் ஏன் பார்த்துக்கொள்ளவில்லை என்பதற்கு என்னிடமே பதில் இல்லை. பயமா என்றால் இல்லை. அறியாமை என்று சொல்ல முடியாது, அதைப் பற்றி வகுப்பெடுக்கிறவள் நான். எங்கள் நிலையத்தில் என்னோடு ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுகிற நர்ஸ் முன்னால் பாவாடையை ஏற்றிக்கொண்டு படுக்க எனக்கு மனசு வரவில்லை. அவ்வளவுதான்.

அந்த வேற்றூர் நிலையத்தில் சோதனை ஐந்து நிமிஷம்தான். என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், தெரியாமல் பயப்படுகிறவர்கள் நிறைய. முதலில் ஒன்றுக்குப் போய்விட்டு வரச் சொல்வார்கள். உள்ளாடையை மட்டும் கழற்றினால் போதும், சேலையும் பாவாடையும் உடம்பிலேயே இருக்கும். முழங்காலை மடக்கிப் படுத்ததும் இடுப்புக்குக் கீழே ஒரு துணி போர்த்துவார்கள். வாத்து மூக்கு மாதிரி இருக்கும் ஸ்பெக்குலத்தை மெதுவாக வைத்து, லைட் அடித்து, கர்ப்பப்பை வாயில் வினிகர் கலவையைப் பஞ்சால் தொட்டு வைப்பார்கள். சமையலுக்கு வாங்கும் வினிகர் பலம்தான், 100-க்கு 4, 5 பங்கு. லேசாக எரியலாம், ஊறுகாய் ஜாடி திறந்த மாதிரி நெடி வரும். ஒரு நிமிஷம் பொறுத்திருந்து பார்த்தால், நல்ல தசை இளஞ்சிவப்பாகவே இருக்கும். மாற்றம் தொடங்கிய இடம் வெள்ளையாகத் திட்டுக் கட்டும். இதுதான் வி.ஐ.ஏ. சோதனை. ஊசி கிடையாது, வெட்டு கிடையாது. கர்ப்பப்பையை யாரும் எடுத்துவிடப் போவதும் இல்லை.

எனக்கு வலிக்கவில்லை. ஆனால் அந்த ஒரு நிமிஷமும் என் கண் கதவுத் தாழ்ப்பாள் மேலேயே இருந்தது. தாழ்ப்பாள் சரியாக விழாததால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை முட்டுக் கொடுத்திருந்தார்கள். வெளியே யாரோ "ஓ.பி. சீட்டு எங்க குடுக்கறது?" என்று கேட்பது தெளிவாகக் காதில் விழுந்தது. எனக்குப் புற்றுநோய் இருக்குமோ என்ற நினைப்பே வரவில்லை. அந்த நாற்காலி நகர்ந்துவிடக் கூடாதே என்பது ஒன்றுதான்.

மறுநாள் என் அறைக்குள் வந்து நின்று பார்த்தேன். மேசையின் கால் பக்கம் நேராகக் கதவைப் பார்த்து இருந்தது. யாராவது திறந்தால் முதலில் என்ன தெரியுமோ அதுதான் தெரியும். ஐந்து வருஷமாக அந்த அறையில் நின்றிருக்கிறேன், ஆனால் நர்ஸ் நிற்கிற இடத்தில் நின்றிருக்கிறேன். வாட்ச்மேன் அண்ணனைக் கூப்பிட்டு மேசையைத் திருப்பிப் போட்டோம். கால் பக்கம் சுவரைப் பார்த்தது. புதுத் தாழ்ப்பாள் என் காசில், விலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். கதவுக்கு உள்பக்கம் இன்னொரு திரை. துணியை அவர்களே போர்த்திக்கொள்ளட்டும் என்று கையில் கொடுக்க ஆரம்பித்தேன். ஸ்பெக்குலத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு எடுத்தேன். அந்த மாதம் உள்ளே வந்து, மேசையைப் பார்த்துத் திரும்பிப் போனவர்கள் ஒரே ஒருத்தர். அவருக்கும் நிஜமாகவே வீட்டுக்குத் தூரம்.

எங்கள் மாவட்டத்துக்கு இதில் ஒரு பழைய கதை உண்டு. 2000-லிருந்து 2003 வரை ஒட்டன்சத்திரம் பக்கம் அம்பிளிக்கையில் இருந்த கிறிஸ்தவ மருத்துவ மையம், வெளிநாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து, இதே வினிகர் சோதனையை ஊர் ஊராகச் செய்தது. பார்த்தவர்கள் பயிற்சி பெற்ற நர்ஸ்கள். 49 ஆயிரத்துச் சொச்சம் பெண்களைக் கூப்பிட்டதில் 31 ஆயிரத்துச் சொச்சம் பேர் வந்தார்கள். ஒரே ஒரு தடவை பார்த்து, தேவைப்பட்டவர்களுக்குத் திட்டு இருக்கும் இடத்தை உறைய வைக்கும் சிகிச்சையும் கொடுத்ததற்கே, சோதனை நடக்காத ஊர்களோடு ஒப்பிட்டால் இந்தப் புற்றுநோயால் வந்த சாவு 35 சதவீதம் குறைந்தது. இந்த முடிவு 2007-ல் லான்செட் என்கிற மருத்துவ இதழில் வெளியானது. உலகத்தில் ஏழை நாடுகளில் இந்தச் சோதனை பரவுவதற்கு நம் முருங்கைக்காய்ச் சந்தை ஊரும் ஒரு காரணம். பயிற்சி வகுப்பில் இதைக் கேட்டபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் கூடவே கழித்தலும் போட்டுப் பார்த்தேன். வராதவர்கள் 18 ஆயிரம் பேர். வீட்டு வாசலுக்கு வந்து கூப்பிட்டும், இலவசம் என்றும் வராதவர்கள். என் வேலை இப்போது அந்த 18 ஆயிரம் பேரின் மகள்களிடமும் மருமகள்களிடமும்தான்.

2019–21 தேசிய குடும்ப நல ஆய்வில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒரு முறையாவது இந்தச் சோதனை செய்துகொண்டவர்கள் தமிழ்நாட்டில் 9.8 சதவீதம். இந்தியா முழுக்க 1.9. நாம் முன்னால் இருக்கிறோம் என்று மேடையில் சொல்லலாம். உலக சுகாதார நிறுவனம் 2030-க்குள் எட்டச் சொல்வது 70.

சரி, வராததற்கு என்ன காரணம் என்று என் ரெஜிஸ்டரில் எழுதாததை இங்கே எழுதுகிறேன்.

நேரம் முக்கியம். நாங்கள் பத்து மணிக்குக் கூப்பிட்டோம். அது காய் பறித்து மார்க்கெட்டுக்குக் கட்டு கட்டும் நேரம், நூறு நாள் வேலையில் வருகைப் பதிவு எடுக்கும் நேரம், மில்லுக்குப் போகிறவள் ஷிப்டில் நிற்கும் நேரம். வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. ஒன்றும் வலிக்காத உடம்பைக் காட்ட யார் கூலியை விடுவார்கள்? பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் என்று மாற்றியதும் கொஞ்சம் கூடியது. அதைவிடப் பெரிய வித்தியாசம் புதன்கிழமைதான். குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் நாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய் வருவாள், கூடவே துணைக்குப் பாட்டி வருவாள். நம் ஊரில் பாட்டி என்றால் 45 வயதுதான். நமக்கு வேண்டிய வயது. ஊசி போட்டபின் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கச் சொல்வோம் இல்லையா, அந்த அரை மணி நேரத்தைப் பிடித்துக்கொண்டேன். வீட்டில் எதையும் சொல்லிக்கொண்டு வரவேண்டியதில்லை, பேரனுக்கு ஊசி போடத்தானே வந்தார்கள்.

"வீட்டுக்காரர் விடமாட்டார்" என்று சொல்பவர்களிடம் துருவிக் கேட்டால், அவர் தடுத்ததாக இருக்காது. "என்னன்னு சொல்லிட்டுப் போறது சிஸ்டர்?" என்பதுதான் பிரச்சினை. அதற்கு நான் ஒரு வாக்கியம் தயார் செய்து கொடுத்தேன்: "சுகர் பாக்கக் கூப்பிட்டாங்க, அப்படியே பொம்பளைங்களுக்கு எல்லாம் பாக்கறாங்களாம்." பொய் இல்லை, தேவைக்கு மேல் விவரமும் இல்லை.

அடுத்தது, "எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே". வெள்ளைப்படுதல் இருப்பவர்கள் அவர்களாகவே வந்துவிடுவார்கள். ஒன்றும் இல்லாதவர்களை வரவழைப்பதுதான் பாடு. இதற்கு நான் கற்றுவைத்திருந்த விளக்கமெல்லாம் எடுபடவில்லை. ஒரு நாள் கத்தரி போடுகிற அக்கா ஒருத்தர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "குருத்து தொங்குனப்புறம் பாத்து என்ன, புழு உள்ள போயிருச்சு. நல்லா இருக்கும்போதே இலையைத் திருப்பிப் பாக்கணும். அதைத்தான் இந்தப் பிள்ளை சொல்லுது." அன்றிலிருந்து என் விளக்கம் அதுதான்.

இப்போது என் தவறு ஒன்று. ஒரே தெருவிலிருந்து எட்டுப் பேர் ஆட்டோ பிடித்து வந்திருந்தார்கள், எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏழு பேருக்கு ஒன்றும் இல்லை. ஒருவருக்கு வெள்ளைத் திட்டு தெரிந்தது. அவர் அதற்குள் வராண்டாவுக்குப் போய் மற்றவர்களோடு நின்றுகொண்டிருந்தார். நான் வாசலில் இருந்தே குரல் கொடுத்தேன்: "அக்கா, நீங்க மட்டும் நில்லுங்க, உங்களுக்கு ஜி.எச்.சுக்கு எழுதித் தரணும்." ஏழு முகமும் அவர் பக்கம் திரும்பியதை இப்போதும் பார்க்கிறேன். ஆட்டோவில் போகும்போது யாரும் பேசவில்லையாம். பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்க "அவளுக்கு கேன்சராம்". மாமியார் தனித் தட்டு வைத்துவிட்டார். ஜி.எச்.சில் சதை எடுத்துப் பார்த்ததில் வெறும் புண், அழற்சி. மருந்தில் சரியாயிற்று. அவருக்குச் சரியாகிவிட்டது, அந்தத் தெரு சரியாகவில்லை. எட்டு மாதம் ஒரு பெண்ணும் என் அறைப் பக்கம் வரவில்லை. நான் எத்தனை கூட்டம் போட்டுப் பேசியிருந்தாலும் ஒரு தெருவை உள்ளே கூட்டிவர வருஷமாகும். வெளியே அனுப்ப ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது.

அதன் பிறகு முடிவு எதுவானாலும், ஒன்றும் இல்லை என்றாலும், ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்து ஒரே அளவு நேரம் பேசுகிறேன். வெளியே இருப்பவர்களுக்கு யாருக்கு என்ன என்று கணக்குப் போட முடியாது. சோதனைக்கு முன்னாலேயே சொல்லியும் விடுகிறேன்: வெள்ளையாகத் தெரிந்தால் புற்றுநோய் என்று அர்த்தம் இல்லை, இன்னொரு தடவை நுணுக்கமாகப் பார்க்கணும் என்றுதான் அர்த்தம். அம்பிளிக்கை ஆய்விலேயே பத்தில் ஒருவருக்கு அப்படித் தெரிந்திருக்கிறது, அதில் புற்றுநோய் இருந்தவர்கள் மிகச் சிலர்தான். படிக்கிற நீங்கள் யாராவது போனால், "ரிசல்ட்டை என்கிட்ட மட்டும் தனியா சொல்லுங்க" என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கேட்கலாம், தப்பே இல்லை.

"கேன்சர் டெஸ்ட்" என்று சொல்லிக் கூப்பிடலாமா என்பதில் எங்களுக்குள்ளேயே சண்டை உண்டு. அந்த வார்த்தை ஓடவைக்கிறது என்பது உண்மை. அதற்காக "பொதுவா ஒரு செக்கப்" என்று மழுப்பிப் படுக்கவைத்துவிட்டு, திட்டு தெரிந்தபின் திடீரென்று அந்த வார்த்தையைச் சொல்வது ஏமாற்று. "கேன்சர் வராம இருக்கறதுக்குப் பாக்கறது" என்று சொல்கிறேன். அதுதான் உண்மையும் கூட. இதை உண்டாக்கும் கிருமி உடம்பில் தங்கியதிலிருந்து புற்றாக மாறப் பத்து, பதினைந்து வருஷம் எடுக்கும் நோய் இது. அந்த இடைவெளியில் பிடித்தால் அந்த இடத்தை மட்டும் உறையவைத்தோ சுட்டோ எடுத்துவிடலாம்.

விதவைகள் விஷயம் தனி. "அவரு போயி பன்னெண்டு வருஷமாச்சு, எனக்கெதுக்கும்மா இதெல்லாம்" என்பார்கள். வார்த்தை அப்படி வந்தாலும் உள்ளே இருப்பது வேறு: இந்தச் சோதனைக்குப் போனாலே ஊர் என்ன நினைக்கும் என்பது. இது உடலுறவால் தொற்றும் கிருமியால் வருகிறது என்று பாதியாகத் தெரிந்தவர்கள் பேசும் பேச்சு கொடுமையானது. நான் முழுதாகச் சொல்லிவிடுகிறேன். ஹெச்.பி.வி. என்று ஒரு கிருமி, குடும்பம் நடத்துகிற கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஏதோ ஒரு காலத்தில் வந்து போவது. பெரும்பாலானவர்களுக்கு இரண்டு வருஷத்துக்குள் உடம்பே விரட்டிவிடும், சிலருக்கு மட்டும் சத்தமில்லாமல் தங்கிவிடும். எப்போது, யாரிடமிருந்து என்று உலகத்தில் எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. இந்தக் கடைசி வரியைச் சொல்லும்போது எதிரில் இருப்பவரின் தோள் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு வருஷம் என்பது அந்த நோய்க்குப் பெரிய காலமே இல்லை என்பதும் அதிலேயே அடங்கிவிடுகிறது.

இவ்வளவும் செய்தும் என் சொந்தத் தெருவிலிருந்து யாரும் வரவில்லை. என் பெண்ணோடு படிக்கும் பிள்ளைகளின் அம்மாக்கள், ரேஷன் கடை வரிசையில் பேசுகிறவர்கள். எல்லோரும் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள், தலையாட்டுவார்கள், வரமாட்டார்கள். எனக்குக் கோபம்கூட வந்தது. நான் பஸ் மாறிப் போன கதை அப்போதுதான் உறைத்தது. நாளைக்குப் பால் வாங்கும்போது முகம் பார்க்க வேண்டியவளிடம் யார் காட்டுவார்கள்?

எங்கள் மெடிக்கல் ஆபீசரிடம் சொன்னேன். பக்கத்து நிலையத்து ஸ்டாஃப் நர்ஸும் இதையேதான் புலம்பிக்கொண்டிருந்தார். மாதத்தில் ஒரு நாள் நாங்கள் இரண்டு பேரும் இடம் மாறிக்கொள்ள ஏற்பாடானது. நான் அங்கே போய்ப் பார்ப்பேன், அவர் இங்கே வந்து பார்ப்பார். ஆனால் முந்தைய நாள் வீடு வீடாகப் போய்க் கூப்பிடுவது அவரவர் ஊரில் அவரவர்தான். "நாளைக்கு வேற ஊரு சிஸ்டர் வர்றாங்க, நான் இருக்கமாட்டேன்" என்று சொல்வேன். முதல் தடவையே என் தெருவிலிருந்து ஆறு பேர். அதில் ஒருத்தி மூன்று வருஷமாக எனக்கு டிமிக்கி கொடுத்தவள். கூப்பிடுகிறவள் தெரிந்தவளாக இருக்கணும், பார்க்கிறவள் தெரியாதவளாக இருக்கணும். நான் இரண்டையும் ஒருத்தியே செய்ய முயன்று ஐந்து வருஷத்தை வீணடித்திருக்கிறேன்.

இதே காரணத்துக்காகத்தான், அந்தக் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் ஹெச்.பி.வி. பரிசோதனை சீக்கிரம் எல்லா இடத்துக்கும் வரணும் என்று ஆசைப்படுகிறேன். நீளமான பஞ்சுக் குச்சியால் அவரவரே மாதிரி எடுத்துக் கொடுக்கலாம், கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு. 2021-ல் உலக சுகாதார நிறுவனமும் இதையே முதல் சோதனையாகச் செய்யச் சொன்னது, 30 வயதிலிருந்து, ஐந்து முதல் பத்து வருஷத்துக்கு ஒருமுறை. இப்போதைக்குத் தனியார் இடங்களில் விலை கூலிக்காரப் பெண்ணுக்கு எட்டாது. கையில் இருப்பது வினிகரும் பஞ்சும். அது ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை.

திட்டு தெரிந்தவர்களை அடுத்த இடத்துக்கு அனுப்புவது பற்றியும் சொல்லணும். சீட்டு எழுதிக் கொடுத்தால் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். பாதிப் பேர் போகவில்லை. முதல் நாள் கால்போஸ்கோப்பி என்கிற பெரிதாக்கிப் பார்க்கும் சோதனை, சதை எடுப்பது. ரிசல்ட்டுக்கு இன்னொரு நாள். சிகிச்சைக்கு மூன்றாம் நாள். ஒவ்வொன்றுக்கும் பஸ், கூலி, வீட்டில் ஒரு காரணம். இப்போது சீட்டோடு சேர்த்து எந்தக் கிழமை, எந்த அறை, யாரைக் கேட்கணும் என்று துண்டுத் தாளில் எழுதி, ஒரே ஊரில் இரண்டு பேர் இருந்தால் சேர்த்து அனுப்புகிறேன். முதல் பயணத்துக்கு முடிந்தால் நானோ ஆஷா பணியாளரோ கூடப் போகிறோம். ஒரு தடவை இடம் பழகிவிட்டால் அடுத்த இரண்டு தடவை அவர்களே போய்விடுவார்கள்.

நீங்கள் போவதாக இருந்தால் சின்னச் சின்ன விஷயங்கள்: தீட்டு நின்று சில நாள் கழித்துப் போங்கள், முந்தைய இரண்டு நாள் உறவும் உள்ளே வைக்கும் மருந்தும் வேண்டாம். சுடிதாரை விட அகலமான பாவாடையும் சேலையும் அல்லது நைட்டியும் வசதி. ஒரு துணையோடு போங்கள், அவரையும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். கர்ப்பப்பை எடுத்தவர்கள் வாய்ப் பகுதியும் சேர்த்து எடுக்கப்பட்டதா என்று டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டிக் கேளுங்கள். தீட்டு நின்றுபோனவர்களுக்கு, பார்க்க வேண்டிய இடம் உள்ளே போய்விடுவதால் வினிகர் சோதனை அவ்வளவு சரிவராது, பாப் ஸ்மியரோ (கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களைத் தேய்த்து எடுத்து லேபில் பார்ப்பது) ஹெச்.பி.வி. பரிசோதனையோ கேளுங்கள்.

என் மாமியாருக்கு 56 வயது. இன்னும் பார்த்துக்கொள்ளவில்லை. பக்கத்து ஊருக்குப் போங்கள், அங்கே என்னை விட நல்ல கை என்றேன். "அவ உன் சிநேகிதிதானே" என்றார். சரி, ஜி.எச்.சுக்குப் போவோம், பாப் ஸ்மியரே எடுத்துக்கலாம் என்றேன். "அங்கயும் உன் ஆளுகதான் இருப்பாக." அவர் சொல்வதிலும் தப்பில்லை. அடுத்த மாதம் கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் பத்து நாள் போகிறார். நாத்தனாருக்குப் போன் போட்டுச் சொல்லிவைத்திருக்கிறேன். பத்து நாளில் அவரும் கூடவே பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். நான் சொன்னதாக மட்டும் அம்மாவிடம் சொல்லிவிடாதே என்று இரண்டு தடவை சொன்னேன்.